பிழை ஓரிடம், சுட்டுவது வேறிடம்!

தமிழ் வரிகளில் கம்ப்யூட்டர் சோதனைக் கருவிகள் தடுமாறுவது ஏன்? சீர் செய்வது எப்படி?

கணக்கு ஏட்டில் தவறு இருக்கிறது என்று சொல்லும் மேலதிகாரிகள் மூன்று வகை. "நாலாம் பக்கம், ஏழாவது வரி, கூலித் தொகையைப் பார்" என்று சொல்பவர் ஒருவர். குமாஸ்தாவுக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்து விடும். "எங்கேயோ தவறு இருக்கிறது, தேடிப் பார்" என்பவர் இரண்டாமவர். ஏடு முழுவதையும் புரட்ட வேண்டும்; ஆனாலும் தவறு ஒரு நேரம் அகப்பட்டு விடும். மூன்றாமவரோ பக்கமும் வரியும் போட்டு, அடித்துச் சொல்லி, தவறே இல்லாத இடத்தைக் காட்டுவார். குமாஸ்தா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்து, சரியாக இருப்பதையும் திருத்திக் கெடுத்து விடுவார். மூவரில் அதிகத் தொல்லை தருபவர் இந்த மூன்றாமவரே.

கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பிழை தேடிக் கொடுக்கும் கருவிகள் பல, ஆங்கில வரிகளைப் பார்க்கும்போது முதல் வகை அதிகாரியாக நடந்து கொள்கின்றன. அதே வரியில் தமிழ் எழுத்து கலந்து விட்டால் மூன்றாவது வகையாக மாறி விடுகின்றன. பிழை இருப்பது உண்மை. வரி எண்ணும் சரி. ஆனால் அந்த வரியில் எத்தனையாவது இடம் என்று சொல்லும் எண் மட்டும் பிசகி விடுகிறது.

இது கம்ப்யூட்டர் என்ஜினீயர்களின் கவலை, நமக்கென்ன என்று இருந்து விட முடியாது. இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களிலும், பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகா, அட்டப்பாடி ஆகிய பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கிறார்கள். இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் பழகுகிறார்கள். கேரள அரசு 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக உருவெடுத்தது. ஐ.சி.டி. பாடநூல்கள் தமிழ் வழி மாணவர்களுக்காகத் தமிழிலும் வெளிவருகின்றன. பைத்தான் என்னும் புரோகிராம் மொழியும் அப்பாடங்களில் இடம் பெற்று வந்திருக்கிறது. 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களும் நடைபெறுகின்றன.

பாடநூல் தமிழில், வீட்டுப் பேச்சும் தமிழில். அப்படியிருக்க, தான் எழுதும் புரோகிராமில் தன் ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டுப் பார்க்க ஒரு பிள்ளைக்கு ஆசை வருவது இயல்பே. போட்டதும் கருவி தவறான இடத்தைக் காட்டினால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? "தமிழில் எழுதியதுதான் தப்பு, இங்கிலீஷில் எழுதினால் சரியாக வருகிறது" என்று முடிவு கட்டி விடும். கருவியின் கோளாறு மொழியின் குறையாகத் தோன்றி விடுகிறது. இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான்.

அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. பெயர், ஊர், தந்தை பெயர் முதலியவை தமிழில் கம்ப்யூட்டருக்குள் போனால், அந்தப் பட்டியலைச் சரி பார்க்கும் கருவிக்கும் தமிழ் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவதிப்படுபவர் பதிவு செய்யும் எழுத்தர்தான்.

பஞ்சுத் தூசு தந்த பெயர்

இத்தகைய கருவிகளுக்கு ஆங்கிலத்தில் 'லின்ட்டர்' என்று பொதுப்பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர், 'சி' மொழியில் எழுதிய புரோகிராம்களைச் சோதிக்க 'லின்ட்' என்ற கருவியை அமைத்து, 1978-ல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். 'லின்ட்' என்றால் துணியில் ஒட்டிக் கொண்டிருக்கும் பஞ்சுத் தூசு. கோயமுத்தூர் மில்களில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு அந்தத் தூசைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துணி நெய்து முடிந்த பிறகும் தூசு ஒட்டியிருப்பது போல, புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகும் சிறு சிறு பிழைகள் ஒட்டிக் கொண்டிருக்கும். அவற்றைத் தட்டி எடுப்பது இக்கருவியின் வேலை.

இவற்றில் பெரும்பாலானவை கட்டளை வரிக் கருவிகள். படம், பொத்தான் எதுவும் இராது. வெறும் திரையில் கருவியின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டச்சு செய்தால், பிழைப் பட்டியல் வரிவரியாக விழும். ஒவ்வொரு வரியிலும் முதலில் கோப்பின் பெயர், அடுத்து வரி எண், அதற்கடுத்து அந்த வரியில் எத்தனையாவது இடம் என்ற எண், கடைசியில் பிழையின் விவரம். தபால் முகவரியில் ஊர், தெரு, கதவு எண் இருப்பது போலத்தான். கதவு எண் தப்பினால் கடிதம் அடுத்த வீட்டுக்குப் போய் விடும்.

ஒரே சொல்லுக்கு மூன்று எண்கள்

ஓர் உதாரணம் பார்ப்போம். பைத்தான் மொழியில் 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பு முதல், பெயர்களைத் தமிழிலேயே வைத்துக் கொள்ளலாம். ஒருவர் இப்படி ஒரு வரி எழுதுகிறார் என்று வைத்துக் கொள்வோம்:

ஊர் = "மூணாறு" + தொகை

'தொகை' என்றால் என்ன என்பதை அவர் முன்னால் எங்கும் சொல்லவில்லை. ஆகவே கருவி 'தொகை' என்ற சொல்லைச் சுட்டிக் காட்ட வேண்டும். அந்தச் சொல் தொடங்குவது வரியின் எத்தனையாவது இடத்தில்?

நாம் படிக்கும் முறையில் எண்ணினால்: ஊ, ர் என இரண்டு எழுத்து, இடைவெளி, சமக்குறி, இடைவெளி என மூன்று, மேற்கோள் குறி ஒன்று, மூ, ணா, று என மூன்று, மறுபடி மேற்கோள் குறி ஒன்று, இடைவெளி, கூட்டல் குறி, இடைவெளி என மூன்று. ஆக 13. 'தொகை' தொடங்குவது 14-ஆம் இடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இப்படித்தான் எண்ணும்.

கம்ப்யூட்டரின் எழுத்துப் பட்டியலோ வேறு மாதிரி எண்ணுகிறது. அதற்கு 'ர்' என்பது ரகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. 'மூ' என்பது மகரமும் கொம்பும் சேர்ந்து இரண்டு. இந்தக் கணக்கில் 'ஊர்' மூன்றாகிறது, 'மூணாறு' ஆறாகிறது. 'தொகை' தொடங்குவது 18-ஆம் இடம்.

கோப்பு வட்டில் கிடக்கும் வடிவத்தை எண்ணினால் கணக்கு இன்னும் ஏறுகிறது. அங்கே அலகு பைட். ஆங்கில எழுத்துக்கும் இடைவெளிக்கும் ஒரு பைட்; தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'ஊர்' ஒன்பது, 'மூணாறு' பதினெட்டு, மற்றவை எட்டு. ஆக 35 பைட் கழிந்து, 'தொகை' தொடங்குவது 36-ஆம் இடம்!

முழு வரியிலும் நம் கண்ணுக்குத் தெரிவது 15 இடங்கள் மட்டுமே. அதில் 36-ஆம் இடத்தில் பிழை என்று கருவி சொன்னால், வரி முடிந்து வெற்றிடத்தில் விரல் நீட்டுவது போல ஆகிறது. பார்ப்பவர் கருவி பழுது என்று நினைப்பார். அல்லது தமிழ் ஆகாது என்று நினைப்பார்.

இது கற்பனைக் கணக்கு அன்று. பைத்தான் தன் வரிகளைப் பிரித்து ஒரு மரம் போல அடுக்கி வைத்துக் கொள்கிறது. அந்த மரத்தில் ஒவ்வொரு சொல்லின் இட எண்ணும் பைட் கணக்கில்தான் பதிவாகிறது என்று பைத்தானின் அதிகாரபூர்வமான விளக்க ஏட்டிலேயே எழுதியிருக்கிறது. பைஃப்ளேக்ஸ் போன்ற சோதனைக் கருவிகள் இந்த மரத்தைப் படித்தே பிழை காண்கின்றன. மரத்திலுள்ள எண்ணை மாற்றாமல் அப்படியே எடுத்து அச்சிடும் எந்தக் கருவியும் தமிழ் வரியில் தப்பான கதவைத்தான் தட்டும்.

லயத்து வீட்டுக் கணக்கு

மூன்று கணக்கு எப்படி வந்தது என்பதை எஸ்டேட் லயத்தை வைத்துப் புரிந்து கொள்ளலாம். லயத்தில் வரிசையாக வீடுகள். ஒருவர் வீடுகளை எண்ணுகிறார். மற்றொருவர் அறைகளை எண்ணுகிறார். மூன்றாமவர் உள்ளே இருக்கும் ஆட்களை எண்ணுகிறார். வீட்டுக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆள் என்று இருந்தால் மூவர் கணக்கும் ஒன்றுதான். ஆங்கில எழுத்து அப்படிப்பட்டது: ஓர் எழுத்து, ஒரு குறியெண், ஒரு பைட். அதனால் ஆங்கிலத்தை மட்டுமே வைத்துக் கருவி செய்தவர்களுக்கு, தாங்கள் எதை எண்ணுகிறோம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கோளாறு பல ஆண்டுகள் மறைந்து கிடந்ததற்கு இதுவே காரணம்.

தமிழ் வீடுகள் அப்படியல்ல. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்து நமக்கு. 1991-ல் வெளிவந்த யூனிகோடு அட்டவணையில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரப்படவில்லை. உயிர்களுக்கும், ஆய்தத்துக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கால், கொம்பு, புள்ளி முதலிய துணைக் குறிகளுக்கும் மட்டுமே எண்கள் உண்டு. சேர்த்து எழுதினால் எழுத்து. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற முறையையும் தரமாக ஏற்றுக் கொண்டது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு. ஆயினும் உலகத்துக் கருவிகள் படிப்பது யூனிகோடைத்தான் என்பதால் அந்தக் கணக்கோடுதான் நாம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக் கொள்ளுங்கள். 'இடுக்கி' நமக்கு 4 எழுத்து. யூனிகோடில் 7 குறியெண். வட்டில் 21 பைட். 'பாலக்காடு' 5 எழுத்து, 9 குறியெண், 27 பைட். 'கொழிஞ்சாம்பாறை' 7 எழுத்து, 14 குறியெண், 42 பைட். இந்தக் கடைசிப் பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் பதிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால் இரண்டாவது முறையில் அதே ஊர் 15 குறியெண், 45 பைட் ஆகி விடும். விசைப்பலகை மாறினால் கதவு எண்ணும் மாறும் என்றால் பாருங்கள்!

அண்டை மொழிக்கும் அதே தொல்லை

மலையாள எழுத்துக்கும் இந்த விதிதான். அதன் குறிகளும் மூன்று பைட்டே. அதோடு, மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கு 2008-ல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பில்தான் தனி எண்கள் கிடைத்தன. அதற்கு முன்னால் சில்லு எழுத மெய்யும், சந்திரக்கலையும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்றும் என மூன்று வேண்டியிருந்தது. பழைய கோப்பில் மூன்று குறியெண்ணாக இருக்கும் எழுத்து, புதிய கோப்பில் ஒன்றாக இருக்கும். ஆகவே எல்லைப் பகுதியின் ஒரு பட்டியலில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் ஒரே வரியில் கலந்து நின்றால், எதை எண்ணுகிறோம் என்று முதலிலேயே தீர்மானிக்காத கருவி எந்தப் பக்கமும் ஒழுங்காகச் சுட்டாது. மலையாளத்துக்காகக் கட்டற்ற மென்பொருள் முயற்சிகளில் ஈடுபட்டிருக்கும் 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' போன்ற குழுவினருக்கும் நமக்கும் இதில் காரியம் ஒன்றுதான்.

மற்றவர்கள் செய்த திருத்தங்கள்

பெரிய கருவிகள் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. 'சி' மொழிக்கான ஜி.சி.சி. என்ற மொழிமாற்றி நெடுங்காலம் பைட் கணக்கிலேயே இட எண்ணைச் சொல்லி வந்தது. 2021-ல் வெளியான 11-ஆம் பதிப்பில், திரையில் எத்தனையாவது கட்டம் என்று சொல்லும்படி மாற்றினார்கள். பழைய பைட் கணக்கை நம்பியிருக்கும் மற்ற புரோகிராம்களுக்காக, வேண்டுமானால் அந்தக் கணக்கையே கேட்டுப் பெறும் வசதியையும் விட்டு வைத்தார்கள். ஒருவருக்கு உதவப் போய் மற்றவரைக் கெடுக்காமல் செய்த நல்ல காரியம் இது.

2022 அக்டோபரில் வந்த பைத்தான் 3.11, ஓடும்போது ஏற்படும் பிழைகளுக்கு வரியின் கீழே குறி போட்டுக் காட்டுகிறது. அவ்வாறு காட்டுமுன் பைட் எண்ணைக் குறியெண் கணக்குக்கு மாற்றிக் கொள்கிறது. எழுதும் மென்பொருளும் சோதனைக் கருவியும் பேசிக் கொள்வதற்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2016-ல் கொண்டு வந்த ஒழுங்குமுறை ஒன்று உண்டு. அதில் நாலாவதாக ஒரு கணக்கு: 16 பிட் அலகு. சாதாரணத் தமிழ்க் குறிகளுக்கு அது குறியெண் கணக்கோடு ஒத்துப் போகும். ஆனால் 2019-ல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் ஒவ்வொன்றும் இரண்டு அலகு பிடிக்கும். பழைய நிலப் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்த ஒழுங்குமுறையின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பில், எந்தக் கணக்கில் பேசுவது என்பதை இரு தரப்பும் முதலிலேயே பேசி முடித்துக் கொள்ள வழி செய்தார்கள்.

தமிழர் தரப்பிலும் உழைப்பு உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ்ப் புரோகிராம் மொழியைப் பற்றி 2009-லேயே ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அவர் முயற்சியில் தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' என்ற தொகுப்பில், ஒரு சொல்லைக் கொடுத்தால் அதை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. நமக்கு வேண்டிய எண்ணிக்கை இதுதான்.

சீர் செய்யும் முறை

கருவியைத் திருத்த உட்காருபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் கைக்கு வரும் எண் எந்தக் கணக்கு?" என்பது. இதைத் தெரிந்து கொள்ளாமல் போடும் எந்தத் திருத்தமும் ஒட்டுப் போட்ட சட்டைதான்.

தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்பதால் மூன்றால் வகுத்து விடலாமே என்று சிலருக்குத் தோன்றும். நம் உதாரணத்தில் 35-ஐ மூன்றால் வகுத்தால் பதினொன்றே சொச்சம் வருகிறது. அது 13-ம் இல்லை, 17-ம் இல்லை. இடைவெளிக்கும் மேற்கோள் குறிக்கும் ஒரு பைட்தான் என்பதை மறந்ததன் பலன் அது. குறுக்கு வழி உதவாது.

சரியான வழி இதுதான். வரியின் முதல் 35 பைட்டை மட்டும் தனியே வெட்டி எடுக்க வேண்டும். அதை எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் 17 குறியெண்கள் கிடைக்கும். புள்ளியையும் கால், கொம்பு முதலிய குறிகளையும் முன்னால் நிற்கும் மெய்யோடு சேர்த்து விட்டால் 13 எழுத்து. அதோடு ஒன்று கூட்டினால் 14. நம் பிள்ளை விரல் விட்டு எண்ணிய அதே எண்.

அந்த 'ஒன்று கூட்டல்' விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. பைலின்ட் என்ற கருவி இட எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஃப்ளேக்8 ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் அதனதன் வழக்கம், குற்றமில்லை. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணாகப் படித்தால்தான் ஓரிடம் தள்ளிப் போகும்.

அடுத்த விதி: மாற்றுவதை ஒரே ஒரு முறை, கருவியின் வாசலில், அச்சிடும் நேரத்தில் செய்ய வேண்டும். உள்ளே ஓரிடத்தில் 35-ஐ 17 ஆக்கி, இன்னோரிடத்தில் அந்த 17-ஐயே பைட் என்று நினைத்து மறுபடி வெட்டினால், 'மூ' என்ற எழுத்தின் கொம்புக்கு நடுவே கத்தி விழும். கருவி அங்கேயே நின்று போனாலும் போகலாம்.

தத்தல் விசை எனப்படும் டேப் மற்றொரு தொல்லை. கோப்பில் அது ஒரே பைட். திரையில் எட்டுக் கட்டம் வரை இடம் பிடிக்கலாம். அதனால் டேப்பை ஒன்றாக எண்ணுகிறோமா, எட்டுக்கு எட்டாக எண்ணுகிறோமா என்பதைக் கருவியின் விளக்க ஏட்டில் எழுதி வைப்பது நல்லது. கோப்பின் தலையில் சில மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் போட்டு வைக்கும் மூன்று பைட் முத்திரையும் முதல் வரியின் கணக்கைக் கெடுக்கக் கூடும்.

வரியின் கீழே அம்புக்குறி போட்டுக் காட்டும் கருவிகளுக்கு இன்னும் ஒரு சங்கடம். தமிழில் 'ஊ' அகலம், 'ர' ஒடுக்கம். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று எண்ணி, கீழே இடைவெளி விட்டு அம்பு போட்டால் அம்பு நகர்ந்து போகும். கட்டளை வரித் திரைகள் நெடுங்காலம் நம்பியிருந்த அகல அட்டவணை முறையில் 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம் என்று வருவதும் உண்டு. ஆகவே அம்பை மட்டும் நம்பாமல், பிழையான சொல்லையே செய்தியில் எடுத்து எழுதி விடுவது உத்தமம். "14-ஆம் இடம்: 'தொகை' என்ற பெயர் முன்னால் வரவில்லை" என்று சொன்னால், எண் ஒருவேளை பிசகினாலும் படிப்பவர் சொல்லைப் பார்த்து இடத்தைக் கண்டு கொள்வார்.

நீங்களே சோதிக்கலாம்

ஒரு கருவி தமிழை எப்படி எண்ணுகிறது என்று அறிய, புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே கொடுத்த மூணாறு வரியை அப்படியே ஒரு கோப்பில் தட்டச்சு செய்து, பள்ளியிலோ வீட்டிலோ உள்ள பைத்தான் சோதனைக் கருவியிடம் கொடுங்கள். 14 என்று வந்தால் அது எழுத்தை எண்ணுகிறது. 18 என்றால் குறியெண்ணை எண்ணுகிறது. 36 என்றால் பைட்டை எண்ணுகிறது. 13, 17, 35 என்று வந்தால் அதே கணக்குகள்தாம், பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. வேறு ஏதாவது எண் வந்தால் அங்கே இரண்டு கோளாறு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பிறகு வரியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பிழையான சொல் முதலிலும் தமிழ் ஊர்ப் பெயர் அதற்குப் பின்னாலும் வந்தால், எண் எல்லாக் கணக்கிலும் ஒன்றாகவே வரும். தொல்லை தருவது பிழைக்கு முன்னால் நிற்கும் தமிழ்தான், பின்னால் வருவது அல்ல என்பது அப்போது விளங்கும்.

இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டவை. அவற்றைச் செய்தவர்களுக்குப் பிழை அறிக்கை அனுப்பும் உரிமை எல்லோருக்கும் உண்டு. "உங்கள் கருவி தமிழுக்கு உதவாது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. கருவியின் பெயரும் பதிப்பு எண்ணும், சோதித்த வரி, வர வேண்டிய எண், வந்த எண், கோப்பு எந்த முறையில் சேமிக்கப்பட்டது ஆகிய விவரங்களை எழுதினால் போதும். மனு எழுதிப் பழகிய நம் குமாஸ்தாக்களுக்கு இது புதிய வேலையன்று. திருத்துபவர் அதே வரியைத் தம் சோதனைத் தொகுப்பில் சேர்த்துக் கொண்டால், அடுத்த பதிப்பில் யாராவது தவறி மாற்றினாலும் உடனே மணி அடித்து விடும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உள்ள கருவிக்குள் மூணாறும் கொழிஞ்சாம்பாறையும் காவல் நிற்கும்.

தமிழ் எழுத்தைத் தமிழர் எண்ணுவது போல எண்ணிச் சொல்ல வேண்டும் என்று கேட்பது சலுகையல்ல. சோதனைக் கருவி என்று பெயர் வைத்துக் கொண்ட எதற்கும் அது அடிப்படைக் கடமை. தோட்டத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளை தன் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதி, பிழை செய்து, அந்தப் பிழையைச் சரியான இடத்தில் பார்த்துத் திருத்திக் கொள்ள வேண்டும். தன் மொழியைத் திருத்திக் கொள்ளும் நிலைமை அதற்கு வரலாகாது.